மச்சானுக்குக் கிண்டிய ஆப்பிள்

வாயைத் திறக்கச் சொன்னால் ஸ்டீபனால் ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறக்க முடியும். அந்த இடுக்கில் சின்ன ஸ்பூனைப் பக்கவாட்டில் நுழைத்து, கவிழ்த்து, மெல்ல வெளியே இழுக்க வேண்டும். ஸ்பூனில் இருப்பது நான் வீட்டில் கிண்டிய ஆப்பிள் விழுது. செங்கல் நிறத்தைத் தாண்டிக் கறுப்புக்குப் பக்கத்தில் போயிருக்கும்.

விழுது உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொள்வான். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கை இறுகும். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டை ஏறி இறங்கும். மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழியும்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"இன்னொரு ஸ்பூன் குடுங்க மாமா."

"பாத்தீங்களா, கண்ணுல தண்ணி வர்ற ருசி" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் நான் பெருமையடித்தேன். ஒரு நாள் இல்லை, பத்து நாளுக்கு மேல் அடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையாக நிற்க வைத்தால் இதுதான் முதலில் நிற்கும்.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் கடலூர் – சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் என் மச்சான் ஏறினால் டிக்கெட் கிழிக்காமல் விட்டதை எழுதியிருந்தேன். கம்மாபுரத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, "அந்த மச்சான் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஸ்டீபன் இப்போது இல்லை.

கேட்டுக்கு எதிரே

ஸ்டீபன் என் மனைவி பிலோமினாவின் தம்பி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் பழம் விற்றான். ஆப்பிள், சாத்துக்குடி, மாதுளை. பக்கத்து வண்டி பஷீர் பாயுடையது. இரண்டு பேரும் ஒரே தார்ப்பாயின் கீழ் இருபது வருஷம் நின்றார்கள்.

ஸ்டீபனுக்கு வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். கன்னத்தில் அடக்கிக்கொண்டே வியாபாரம் பேசுவான். நான் திட்டுவேன். "வெயில்ல நிக்கிறவனுக்கு இதுதான் மாமா துணை" என்பான். அதற்கு மேல் நானும் சொல்ல மாட்டேன்.

வண்டிக்கு வருகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பான். அவர்கள் பையோடு கேட்டுக்குள் போனதும், "இது பிரசவ வார்டு", "இது கால் உடைஞ்ச கேஸு" என்று சொல்லுவான். "எப்படிடா தெரியும்?" என்றால், "வாங்கற விதத்துல தெரியும் மாமா" என்பான். சும்மா அளக்கிறான் என்று நினைத்து நான் மேற்கொண்டு கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நோயாளிக்கு வந்து குவியும் பழங்களைக் கூட இருப்பவர்கள் வெளியே கொண்டுவந்து வண்டிக்காரர்களிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது அங்கே வழக்கம். ஸ்டீபன் மட்டும் வாங்க மாட்டான். "உள்ள போன பழம் வெளிய வரக் கூடாது. ஒருத்தன் படுக்கையில இருந்த பழத்த இன்னொருத்தன் படுக்கைக்கு விக்க எனக்கு மனசு வராது" என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

அதே ஆஸ்பத்திரியில்தான் அவனைச் சேர்த்தோம். கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். சதையை வெட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் என்னையும் பிலோமினாவையும் தனியாகக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னார். ரொம்ப முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன்கிட்ட சொல்லாதீங்க. பேரக் கேட்டாலே செத்துடுவான். சாதாரணக் கட்டின்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான்."

போய்ச் சொன்னேன். "சாதாரணக் கட்டிதான் மச்சான். கரண்ட் வெச்சா கரைஞ்சிடுமாம்."

"சரி மாமா" என்றான். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான். "மூக்குல டியூப் மட்டும் வெக்க வுட்றாதீங்க. டியூப் வெச்சவங்கள கேட்டுல நின்னு நெறைய பாத்துட்டேன். வாயால சாப்பிட்டுட்டே இருக்கணும்."

"நான் இருக்கேன்ல. டியூப் கிடையாது" என்றேன். கட்டிலின் பக்கத்தில் நின்று, அவன் தோளில் கை வைத்துச் சொன்னேன்.

கரண்ட் முடிகிறவரை எடை நாற்பது கிலோவுக்குக் கீழே போகக் கூடாது, போனால் டியூப்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டீபன் அப்போது நாற்பத்து மூன்று இருந்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை மெஷினில் ஏற்றுவார்கள். அந்த மூன்று கிலோதான் எங்களுக்கு இருந்த கையிருப்பு.

வெறுங்கையோடு வராதவர்கள்

ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம் ஜனங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. கடலூரிலிருந்து எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் வந்தார்கள், ஆப்பிள். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் வந்தார்கள், ஆப்பிள். பஷீர் பாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார், அவரும் ஆப்பிள்.

வாயைத் திறக்க முடியாத ஒருத்தனுக்கு ஆப்பிள். கடிக்க வேண்டிய பழத்திலேயே அதைவிடக் கடினமானது உலகத்தில் உண்டா? ஒருத்தருக்காவது ஒரு பப்பாளி தோன்றவில்லை. கட்டில் கம்பியில் ஏழெட்டுப் பை தொங்கும். வருகிறவர்கள் தங்கள் பையை மாட்ட இடம் தேடுவார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று பஷீர் பாயிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். "ஸ்டீபன் பழத்த எப்படிங்க நான் வாங்கறது? அவன் வாங்க மாட்டானே" என்றார். அதோடு சரி. அத்தனையையும் பஸ்ஸில் கடலூருக்குத் தூக்கி வந்தேன். வீடு முழுக்க ஆப்பிள் வாசனை. பிலோமினா ஸ்கூல் டீச்சர், காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். ரிட்டையர் ஆன நானும் ஆப்பிளும்தான் வீட்டில் மிச்சம்.

வெண்ணெய் இல்லாத பட்டர்

என் மகள் ஜெனி வெளிநாட்டில் நர்ஸ். வீடியோ காலில் மேசை மேல் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, ஆப்பிள் பட்டர் பண்ணுங்களேன். இங்க எல்லா வீட்லயும் பண்றாங்க. மாமாவால முழுங்க முடியும்" என்றாள்.

"வெண்ணெய் எவ்ளோ போடணும்?"

"வெண்ணெயே கிடையாதுப்பா."

"அப்புறம் எதுக்கு பட்டர்னு பேரு?"

"எனக்குத் தெரியாது. கேள்வி கேக்காம பண்ணுங்க."

பண்ணினேன். தோல் சீவி, கொட்டை எடுத்து, துண்டு போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் வேக வைக்க வேண்டும். குழைந்ததும் மத்தால் மசித்து, சர்க்கரை சேர்த்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, பட்டையும் நாலு கிராம்பும் பொடித்துப் போட்டு, அடுப்பைச் சின்னதாக வைத்துக் கிண்ட வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு நாலு மணி நேரம் ஆகும்.

முதல் ஒரு மணி நேரம் கஞ்சி மாதிரி இருக்கும். பிறகு குமிழ் விட்டுத் தெறிக்க ஆரம்பிக்கும். கையில் பட்டால் கொப்புளம்தான். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கும். ஒரு சொட்டைச் சில்வர் தட்டில் விட்டால் சுற்றிலும் நீர் கசியக் கூடாது. கசிந்தால் இன்னும் கிண்ட வேண்டும். மூன்று கிலோ ஆப்பிள் கடைசியில் ஒரு ஊறுகாய் பாட்டிலில் அடங்கிவிடும்.

பஸ்ஸில் நாள் முழுக்க நின்ற கால் என்னுடையது. நிற்பதில் எனக்குக் கஷ்டமில்லை.

முதல் பாட்டில், கரண்ட் ஆரம்பிப்பதற்கு முன்னால் கொண்டுபோனது. ஸ்டீபன் ஒரு ஸ்பூன் வாங்கிவிட்டுக் கண்ணை அகல விரித்தான். "கிறிஸ்மஸ் கேக் வாசனை வருது மாமா. பட்டையா?"

"ஆமா."

"சூப்பரா இருக்கு."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அடுத்த பாட்டிலில் பட்டையைக் கூட்டினேன். அதற்கடுத்ததில் இன்னும் கூட்டினேன். அரிசிக் கஞ்சியில் கலந்தேன், கேழ்வரகுக் கூழில் கலந்தேன், பாலில் ஊறிய ரொட்டியில் தடவினேன். கூழில் கலந்தால் கொஞ்சம் அதிகமாக இறங்கியது. பஷீர் பாய்க்கு பன்னில் தடவிக் கொடுத்தேன், இரண்டு பன் தின்றார். வீட்டில் பிலோமினா சப்பாத்திக்குத் தொட்டுக்கொண்டாள். ஊரே என் கையைப் பாராட்டியது.

முதல் திங்கட்கிழமை நாற்பத்து மூன்று. இரண்டாவது திங்கட்கிழமையும் நாற்பத்து மூன்று. நான் வார்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

உப்புக் கரித்த குழம்பு

இங்கே பழைய கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமான முதல் கிறிஸ்மஸ். பண்டிகை அன்றைக்கு எங்கள் வீட்டில் கறிக்குழம்பு என் பொறுப்பு. ஸ்டீபன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து உட்கார்ந்தான். நானே பரிமாறினேன்.

"எப்படி மச்சான்?"

"நல்லாருக்கு மாமா."

மறுபடி ஊற்றினேன். மறுபடி சாப்பிட்டான். மூன்றாவது முறை கரண்டியை எடுக்கும்போதுதான் பிலோமினா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். நான் உப்பு போட்டது தெரியாமல் அவளும் போட்டிருக்கிறாள். வாயில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர்.

"ஏண்டா, சொல்ல மாட்டியா?" என்று அவள் கத்தினாள்.

"மாமா கையால ஊத்தறாரு. அக்கா வூட்டுக்காரர்கிட்ட குழம்பு சரியில்லன்னு எப்படிச் சொல்றது?" என்றான்.

அவர்கள் வீட்டுப் பழக்கம் அது. அக்காளைக் கட்டியவன் பரிமாறினால் குறை சொல்லக் கூடாது. நாங்கள் அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பதற்கான கதை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டார்ச் வெளிச்சம்

மூன்றாவது திங்கட்கிழமை எடை நாற்பத்தொன்று. வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார், குமராட்சிக்காரர், கறாரான பொம்பளை. "என்ன சாப்பிடறாரு?" என்று என்னைக் கேட்டார்.

நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். கூச்சமே இல்லாமல், "நீங்களும் ஒரு வாய் பாருங்க சிஸ்டர், நானே பண்ணது" என்றேன்.

புறங்கையில் கொஞ்சம் வாங்கி நாக்கில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"பட்டை போட்டிருக்கீங்களா?"

"பட்டை, கிராம்பு, எலுமிச்சம்பழம்" என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

"இவர் வாய்க்குள்ள எப்பனா பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"இங்க வாங்க."

ஸ்டீபன் தலையைத் திருப்பிக்கொண்டான். சிஸ்டர் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, அந்த விரல் அகல இடுக்கில் டார்ச் அடித்தார். நான் குனிந்து பார்த்தேன்.

உள்ளே தோலே இல்லை. நாக்கு, கன்னம், அண்ணம் எல்லாம் உரித்துப் போட்டாற்போல் ரத்தச் சிவப்பு. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் படலம். நாக்கின் மடிப்பில், காலையில் நான் ஊட்டிய பழுப்பு விழுது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கரண்ட் வெச்ச வாய் இப்படித்தான் வெந்து போவும். வெறும் தண்ணி பட்டாலே எரியும். இதுல பட்டையா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு நாளைக்கு ஒன்பது ஸ்பூன். காலையில் மூன்று, மத்தியானம் மூன்று, நான் பஸ் ஏறுவதற்கு முன்னால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் எப்படி இருக்கு என்று வேறு கேட்டிருக்கிறேன்.

நீங்க மட்டும் சொன்னீங்களா

ஸ்டூலில் உட்கார்ந்தேன். "ஏன் மச்சான் சொல்லல?" என்றேன்.

அவனுக்குப் பேச்சு குழறும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்றுதான் வரும். "நாலு மணி நேரம் நின்னு கிண்டினேன்னு சொன்னீங்க."

"அதுக்காக? நெருப்பையா முழுங்குவ?"

"எடை இன்னும் நாப்பதுக்கு மேல நிக்குதுல்ல மாமா. டியூப் வேணாம்ல."

அவன் கொஞ்சம் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். அதைக் குடிக்கவும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாளும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா மாமா?" என்றான்.

"எதை?"

"சாதாரணக் கட்டின்னு சொன்னீங்களே."

யார் சொன்னது என்று கேட்டேன். டாக்டரா, சிஸ்டரா என்று கேட்டேன். அவன் கட்டில் கம்பியில் தொங்கிய பையைக் கையால் காட்டினான். பஷீர் பாய் முந்தின நாள் கொண்டுவந்தது.

"அதுல ஒண்ணு எடுங்க."

எடுத்தேன். சிவப்பாக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"இன்னொண்ணு."

அதுவும் அப்படியே.

"ஒண்ணுலயும் அடி இருக்காது மாமா. எல்லாமே மேல் தட்டுப் பழம். பொழைச்சு வூட்டுக்குப் போற ஆளுக்கு வாங்கறவங்க பேரம் பேசுவாங்க. அடிபட்டத நாலு சேத்துப் போடுன்னு கேப்பாங்க. பொழைக்காத ஆளுக்கு வாங்கறவங்க பேரமே பேச மாட்டாங்க. நல்லதா குடுங்கன்னு மட்டும் சொல்லுவாங்க." மூச்சு வாங்கினான். "இருபது வருஷம் பாத்திருக்கேன். எனக்கு வந்த பையில ஒண்ணுகூட பேரம் பேசின பை இல்ல."

முதல் நாளே தெரியும் என்றான். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றான். "தெரியாதுன்னு அது நெனச்சிட்டிருக்கட்டும். அழுவும்."

நான் அழுதேன். அறுபது வயதுக்கு மேல் வார்டு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் இரண்டு ஆப்பிளை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கையெழுத்து

அன்றைக்கு பஸ்ஸில் புதுச்சத்திரம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கத்திய ஸ்டாப்புகள். கடலூர் முதுநகர் தாண்டியபோதுதான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது.

மறுநாள் காலையில் பிலோமினா ஸ்கூலுக்குப் போனதும் புதிதாக ஆப்பிள் வேக வைத்தேன். பட்டை இல்லை, கிராம்பு இல்லை, எலுமிச்சை இல்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆற வைத்து, வெண்ணெய் மாதிரி வழவழவென்று கொண்டுபோனேன். முதல் தடவையாக அந்தப் பெயருக்கு ஏற்ற பதம் வந்திருந்தது.

இரண்டு ஸ்பூன் வாங்கினான். மூன்றாவது இறங்கவில்லை. வாயோரமாக வழிந்துவிட்டது. "நல்லாருக்கு மாமா" என்றான். அந்த வார்த்தையை இனிமேல் நான் எப்படி நம்புவது?

நாலாவது திங்கட்கிழமை எடை முப்பத்தொன்பதரை. டாக்டர் காகிதத்தை நீட்டினார். டியூப் வைக்காவிட்டால் கரண்டை நிறுத்த வேண்டியதுதான் என்றார். பிலோமினா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்டீபன் என்னைத்தான் பார்த்தான். டியூப் கிடையாது என்று சொன்னவன் நான். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்.

மஞ்சள் நிறத்தில் ஒரு டியூப், வலது மூக்கு வழியாக. பிளாஸ்திரி போட்டுக் கன்னத்தில் ஒட்டிவிட்டார்கள். அதில் கஞ்சித் தண்ணீரும் பாலும் ஊற்றினோம். எடை நின்றது. கரண்டும் முடிந்தது. அதற்குப் பிறகு அவன் இருந்தது ஐந்து வாரம்.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம். பிலோமினா ஜெபமாலை சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போயிருந்தாள். ஸ்டீபன் என்னைக் கையால் கூப்பிட்டான்.

"அந்தப் பட்டை போட்டது இருக்கா மாமா?"

கடைசி பாட்டில் பாதி வீட்டு பிரிட்ஜில் இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. "எதுக்கு மச்சான்? சாப்பிட முடியாதே" என்றேன்.

"மோந்து பாக்கணும். ஒரு மூக்குதான அடைச்சிருக்கு."

மறுநாள் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து இடது மூக்குக்குக் கீழே பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். பிறகு இன்னொரு முறை இழுத்தான். கம்பியைப் பிடிக்கவில்லை, கை வயிற்றின் மேல் சும்மா கிடந்தது. நான் எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். முப்பது வருஷமாக என் கையால் சாப்பிட்டவன், ஒரு முறைகூடக் குறை சொல்லாதவன்.

"பட்டை ஜாஸ்தி மாமா" என்றான்.

"ஆமா மச்சான்" என்றேன். "ஜாஸ்திதான்."